படகு மாட்டிக்கொண்ட சனிக்கிழமை

எங்கள் தெரு முனையில் கால்வாயைத் தூர் வாருகிறார்கள். அள்ளிய சேற்றைக் கரையிலேயே கொட்டி வைத்திருக்கிறார்கள். அழுகிய முட்டை மாதிரி வாடை. மருமகள் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் குமட்டவில்லை, கோபம்தான் வந்தது. நகராட்சி மீதில்லை, உன் மீது. நீ செத்துப்போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் கறுப்புச் சேறு எங்கே நாறினாலும் உன்னை நிறுத்தி வைத்துத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது. எதிரே நீ இல்லாததால் எழுதுகிறேன்.

அறுபதுகளில் கடலூரில் அந்தப் பெண்கள் நடுநிலைப் பள்ளியில் நீ அறிவியல் டீச்சர், நான் தையல் டீச்சர். மஞ்சக்குப்பத்தில் ஒரே வீட்டில் இருவரும் குடியிருந்தோம். சனிக்கிழமை மதியம் உண்டு உறங்குவதுதான் என் ஒரே சுகம். அதில் மண்ணைப் போட்டாய். ஏழாவது, எட்டாவது பெண்களுக்கு அறிவியல் மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, இரண்டு பொறுப்பாளர் வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னதும், என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்தாய்.

“எனக்கு சயின்ஸ்ல என்னடி தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. அதான் உன் பேரக் குடுத்தேன். குறுக்கப் பேச மாட்ட.”

பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. தலைமையாசிரியையின் பீரோவில், வெல்வெட் துணி போர்த்தியபடி. நாமிருந்த காலம் முழுக்க அதை யாரும் தொட்டதில்லை. “ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?” என்பார் அம்மையார். அவரிடம் மன்றாடிச் சலித்து, ஒரு கைலென்ஸை உன் சொந்தச் செலவில் வாங்கி வந்தாய். உப்பங்கழித் தண்ணீரில் கண்ணுக்குத் தட்டுப்படாத உயிர்கள் மிதக்கின்றன, அவற்றைப் பிடிக்க மெல்லிய துணியில் வலை வேண்டும் என்றாய். சரி, கடையில் வாங்குவாய் என்று இருந்துவிட்டேன்.

என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த நைலான் புடவை. பெட்டியிலிருந்து எடுத்தால் ஒரு முழம் குறைகிறது!

“முந்தானைல கைய வெக்கல. உள்கட்டுப் பக்கந்தான் வெட்டினேன். யாருக்குத் தெரியப்போவுது?” என்றாய், ஏதோ எனக்கு உபகாரம் செய்ததுபோல. அழுதேன். அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் நீ அதைக் கோணல்மாணலாக ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, என்னால் அந்தக் கொடுமையைத்தான் தாங்க முடியவில்லை. பிடுங்கி, நானே கூம்பு மாதிரி மடித்துத் தைத்துக் கொடுத்தேன். நன்றி சொன்னாயா? “வாய்ப் பக்கத்துல ஒரு கம்பி வெச்சுத் தை” என்றாய்.

அந்த வலையோடுதான் பிச்சாவரம் போனோம். கிள்ளை வரை பாசஞ்சர் ரயில், அங்கிருந்து நடை. ஒரு டஜன் பெண்கள், ஒரு மீன்பிடிப் படகு. சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் போய், வலையை இழுத்து, வடிந்ததைப் புட்டியில் ஊற்றி, லென்ஸில் பார்ப்பது. தூசி என்று நினைத்தது துள்ளியபோது நானும் கத்தினேன் என்பது உண்மைதான். ஆனால் படகுக்காரர் அப்போதே சொன்னார்.

“தண்ணி எறங்குதும்மா. இப்பத் திரும்பினாத்தான் போவ முடியும்.”

“ஒரே ஒரு தடவ போட்டுடறோம்.”

உன் ‘ஒரே ஒரு தடவை’ எனக்குத் தெரியும். மூன்றாவது ஒரே தடவையில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தள்ளலாம் என்று இறங்கினேன். முழங்கால் வரை உள்ளே போயிற்று. ஒரு செருப்பு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த ஏற்றம் வந்து கடல் தண்ணீர் உள்ளே ஏறினால்தான் படகு நகரும் என்றார் அவர். பிள்ளைகள் விசும்பத் தொடங்கின. நீ என்ன சொன்னாய்? “நல்லதாப் போச்சு!”

அங்கேயே உன்னைச் சேற்றில் அமுக்கியிருப்பேன்.

எட்டாவது படித்த சுலைகா மட்டும் அழவில்லை. எதையும் தானே பார்க்காமல் நம்பாத பெண். படகோரத்தில் குப்புறப் படுத்து, நடு வாய்க்காலில் இன்னும் ஓடிய தண்ணீரில் மூங்கில் கழியில் கட்டிய வலையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் இறங்கும்போது பிடித்த புட்டிக்குச் சிவப்பு நூல், ஏறும்போது பிடித்ததற்குப் பச்சை நூல் என்று என் தையல் பெட்டியையும் காலி செய்தாள். தண்ணீர் திரும்பியதும் லென்ஸை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“டீச்சர், பச்ச நூல்ல எறால் குஞ்சு ஜாஸ்தியா இருக்கு. கடல்லேர்ந்து ஏத்தத்தோட உள்ள வருதுங்களோ?”

நீ, “இன்னொரு புட்டி எடு, பாப்போம்” என்றாய்.

மாலை ரயில் போய்விட்டது. சிதம்பரம் போய் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது, பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். அவர்களுக்கு என்னைத்தான் பதில் சொல்ல வைத்தாய். நீ புட்டிகள் உடையாமல் இறக்குவதில் மும்முரமாக இருந்தாய்.

திங்களன்று சுலைகா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சிதம்பரத்தில் நடுநிலைப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரும் முதுநகரில் அவள் அப்பாவின் கருவாட்டு மண்டிக்குப் போனோம். வழியெல்லாம் உனக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொண்டு போனேன்: முதலில் மன்னிப்புக் கேள். நீ உட்கார்ந்ததும் இறால் குஞ்சைப் பற்றி ஆரம்பித்தாய்.

அவர் கையமர்த்தினார். “டீச்சரம்மா, குஞ்சு இருக்கட்டும். எம்புள்ள வீடு வர்ற வரைக்கும் அவங்க உம்மா வாசல்லயே நின்னா. ஒங்களுக்கு அது தெரியுமா?”

அப்போதுதான் இறால் குஞ்சை விட்டாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. “தெரியல. தப்புதான்” என்றாய். அந்த இரண்டு சொல்லில் அவர் முகம் இளகியது. ஆனால் தீர்ப்பு என் தலையில் விழுந்தது.

“இந்தத் தையல் டீச்சரம்மா கூடப் போனா அனுப்புறேன். உங்கள நம்பி இல்ல.”

சிதம்பரத்தில் சுலைகா தன் புட்டிகளுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள். நடுவராக வந்த பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, “யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?” என்றார்.

“யாரும் சொல்லல சார். படகு மாட்டிக்கிச்சு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு நகர்ந்தார். ஒரு ஆண்கள் பள்ளியின் அணைக்கட்டு மாதிரிக்கு முதல் பரிசு. பளபளவென்று வர்ணம், மதகில் தண்ணீர்கூடக் கொட்டியது. நான் உன் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு அந்தப் பேராசிரியரிடம் போனாய்.

“இது ஆசாரி செஞ்ச வேல. பரிசு அவருக்குன்னா அவர மேடைக்குக் கூப்புடுங்க. பசங்களுக்குன்னா, மதகு ஏன் தொறக்குதுன்னு ஒரு பையனக் கேட்டுப் பாருங்க.”

ஒருவரும் கேட்கவில்லை. பரிசு மாறவில்லை. திரும்பும் பஸ்ஸில் சுலைகா மடியில் புட்டிகளை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். கொஞ்ச நாளில் உனக்குத் திட்டக்குடிக்கு மாற்றல் வந்தது. பேசாமல் இருந்திருக்கலாமே என்று பெட்டி கட்டும்போதெல்லாம் புலம்பினேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக நீ சொன்னது: “சனிக்கிழமய வுட்டுடாத.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதேடி!”

“தெரியலன்னு சொல்லு. அதுங்க தானா பாக்கும்.”

இதைவிடப் பொறுப்பில்லாத பேச்சு உண்டா? அடுத்த சனிக்கிழமை மன்றத்தின் அறையைப் பூட்டத்தான் போனேன். உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுலைகா எழுந்து, “டீச்சர், வெயில்ல காயப்போட்டா செகப்புத் துணி சீக்கிரம் வெளுக்குது. நீலம் ஏன் அப்பிடி வெளுக்கல?” என்றாள். இத்தனை காலம் துணியோடு கிடந்தவள் நான், ஒரு நாளும் யோசித்ததில்லை. “தெரியலயே” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. “அப்ப வெட்டு துணி குடுங்க டீச்சர், வெயில்ல கட்டிப் பாக்குறோம்” என்றாள். கொடுத்தேன். பூட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஓய்வு பெறும் வரை சனிக்கிழமை மதியம் நான் உறங்கவில்லை.

சுலைகா விஞ்ஞானி ஆகவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள், பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டாள். தன் பெண்கள் மூவரையும் கல்லூரிக்கு அனுப்ப அந்த வீட்டோடு மல்லுக்கட்டி ஜெயித்தாள். நீ போன செய்தியை எனக்குச் சொல்ல வந்தவளும் அவள்தான். “டீச்சர், அவுங்க…” என்று ஆரம்பித்து முடிக்காமல் நின்றாள். நான் அழவில்லை. “சொல்லாம கொள்ளாம போறதே அவ வழக்கம்” என்று கத்தினேன். அவள்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நேற்று மருமகள், “ஏன் அத்த, ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெச்ச செம்பு மட்டும் வெளிப்பக்கம் வேர்க்குது?” என்று பேச்சுவாக்கில் கேட்டாள். அவளுக்குப் பதில்கூட வேண்டாம், அடுப்பில் வேலை இருந்தது. மற்ற வீட்டுக் கிழவிகள் இதற்கெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்கள். நான், “தெரியலயே, இன்னொரு செம்பு எடு, பாப்போம்” என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். மூட்டு இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது. உன்னைத் திட்டிக்கொண்டேதான் அடுக்களைக்கு நடந்தேன்.