பூஜ்யம் போட்ட சூப்பர்வைசர்

குன்றத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் பிரசன்னாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் சத்யாவும் நலம், நானும் நலம், என் வலது ஆள்காட்டி விரல் மட்டும் முக்கால் நலம். குஜராத் வெயிலில் நீ நலமாக, முக்கியமாகக் காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவனாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று மயங்காதே, விரலில் கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் பேச்சைப் பதினோராம் வகுப்புத் தமிழாக்கித்தான் தாளில் இறக்குவாளாம். (அண்ணா, அம்மா சொன்ன எதையும் நான் மாற்றவில்லை, சந்திப்பிழையை மட்டும் திருத்தினேன். சத்யா.) போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ சூப்பர்வைசர் ஆனதிலிருந்து நான் "அப்புறம்" என்று ஆரம்பிப்பதற்குள் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். அது நான் அவரிடம் சொன்ன கதை. அதை நம்பி அந்த மனிதர் குளியலறைக் கதவுக்கு ரப்பர் பட்டை வேறு வாங்கி ஒட்டிவிட்டார். நடந்தது ஒரகடம் ஃபேக்டரியில், எங்கள் லைனில். கார்களுக்குப் போகும் ஒயர்களின் நுனியில் பித்தளைக் கொண்டியை அழுத்திப் பிடிக்கவைக்கும் மெஷின் ஒன்று உண்டு, அதன் முன்மூடி திறந்திருந்தால் அது ஓடாது. ஒவ்வொரு ஒயருக்கும் மூடித் திறந்தால் டார்கெட் வராதென்று நாங்கள் அந்தச் சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டி மெஷினையே ஏமாற்றி வைத்திருந்தோம். அது என் விரலைக் கடித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் பக்கத்து இடத்துக் கனகலட்சுமி, திருநெல்வேலிப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவள், விரலைப் பிடித்துக்கொண்டே அழுகிறாள், அழுதுகொண்டே "யக்கா, வெள்ளிக்கிழம ஹாட் பாக்ஸ் தாராவளாம், இப்பப் போயி சொன்னா போர்டு சீரோ ஆயிரும்லா" என்கிறாள். கேட்டில் விபத்தில்லா நாட்கள் என்று ஒரு போர்டு இருக்கிறதே, அது அந்த வெள்ளிக்கிழமை பெரிய எண்ணைத் தொட்டால் ஆளுக்கொரு எவர்சில்வர் ஹாட் பாக்ஸும் பிரியாணியும் என்று அறிவித்திருந்தார்கள். கோவிந்தம்மா அதற்குள் கதையையே முடித்துவிட்டாள், "வூட்ல கதவு இட்சிக்கிச்சின்னு சொல்லிடு செந்தாமர, யாரு இன்னா கேக்கப் போறாங்கோ" என்று. நானும் தலையாட்டினேன், ஹாட் பாக்ஸ் எனக்கும் தேவைப்பட்டது. இ.எஸ்.ஐ. டாக்டரம்மா விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு "எந்த வீட்டுக் கதவும்மா இவ்ளோ கரெக்டா கடிக்குது" என்று கேட்டார், ஆனால் நான் சொன்னதையே எழுதிக்கொண்டார். எலும்பில் விரிசல்.

எங்கள் சூப்பர்வைசர் நயினாருக்கு உன் வயதுதான் இருக்கும், தென்காசிப் பக்கம். நான் லீவில் இருந்தபோது அவரே கண்டுபிடித்தார். எப்படி என்கிறாய், அந்த மெஷின் அவ்வளவு சுத்தமாக இருந்ததாம்! நம் புத்திசாலிகள் கறை தெரியக்கூடாதென்று துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கியிருந்தார்கள், மற்ற மெஷினெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்க. அவர் கத்தவில்லை. உட்கார்ந்து தானே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "டேப்ப ஒட்டுனது யாருன்னு நான் கேக்கல, ஒட்டாம வேல பாக்க முடியாதபடி டார்கெட் போட்டது நாந்தான" என்றாராம். பிறகு நேராகக் கேட்டுக்குப் போய், மேனேஜர் கத்தக் கத்த, எண்களைக் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினார். லைனே அவரைத் திட்டித் தீர்த்தது. கோவிந்தம்மாவின் கஷ்டம் தனிக் கஷ்டம், "வர்ற ஹாட் பாக்ஸ நம்பி பழச நாத்தனாருக்குக் குட்த்துட்டேன், இப்போ அவகிட்ட போய் திருப்பிக் கேக்கவா" என்று ஒரு வாரம் புலம்பினாள்.

பூஜ்யம் மாட்டிய அன்று மாலையே நயினார் கனகலட்சுமியையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். "கதவுன்னே இருந்தா இது சாதா நோய் லீவுதாங்க்கா, நாளைக்கு வெரலு மடங்கலைன்னா கேக்க ஆளு கெடையாது. வேலையில பட்டதுன்னா காயத்துக்கு நஷ்டஈடு உண்டு, மெடிக்கல் போர்டு பாத்து கடைசி வரைக்கும் மாசாமாசம் வரும்" என்று விளக்கினார். அப்போதுதான் உன் அப்பாவுக்கு உண்மை தெரிந்தது. எழுந்து போய்க் குளியலறைக் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. டாக்டரிடம் பொய் சொன்னவளை யார் நம்புவார்கள்? ஒயர் செருகுகிறவளுக்கு ஆள்காட்டி விரல் போனால் வேறென்ன வேலை இருக்கிறது? நயினார் விபத்து அறிக்கையை அனுப்பினார், டாக்டரம்மாவிடம் நான் உண்மையைச் சொன்னபோது கூடவே வந்து நின்றார். ஆனாலும் விசாரணைக்கு எங்கள் லைனுக்கு வந்த இ.எஸ்.ஐ. அதிகாரி அதையேதான் பிடித்துக்கொண்டார், "முதல்ல கதவுன்னீங்க, இப்ப மெஷின்னு சொல்றீங்க, பாத்தவங்க யாராவது இருக்காங்களா" என்றார். பார்த்தேன் என்றால் டேப் விஷயமும் வெளியே வரும், அதனால் ஒருத்தியும் நிமிரவில்லை. நயினார்தான் "டேப்ப நானும் பாத்துட்டுப் பேசாமத்தான் இருந்தேன் சார், மொதல்ல எம்பேர எழுதுங்க" என்றார். உடனே கனகலட்சுமி "நாந்தான் சார் கதவுன்னு சொல்லச் சொன்னேன்" என்று முன்னால் வந்தாள். கோவிந்தம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, "அவ இன்னா சொன்னா, கதவுன்னு யோசன சொன்னதே நானு" என்று சண்டைக்குப் போனாள். அப்புறம் லைன் முழுவதும் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னதில் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். போன வாரம் என் கிளெய்ம் பாஸாகிவிட்டது. விரலின் நுனிக்கணு முழுதாக மடங்குமா என்பது பயிற்சி செய்யச் செய்யத்தான் தெரியுமாம்.

மேனேஜர் இன்னும் நயினாரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் டார்கெட் குறைந்தது, சுவிட்சில் டேப் இல்லை. எங்களில் யாருக்கு ஒயர் கீறினாலும் இப்போது முதலில் அவரிடம்தான் ஓடுகிறோம், "கொசு கடிச்சதுக்கெல்லாம் வராதீயக்கா" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.

இனி உன் விஷயம். நேற்று நீ வாட்ஸாப்பில் அனுப்பிய போட்டோவை அப்பா ஸ்டேட்டஸில் வைத்து ஊரெல்லாம் காட்டிவிட்டார். உன் லைனின் விபத்தில்லா நாட்கள் போர்டுக்குப் பக்கத்தில் கோப்பையோடு நிற்கிறாய், சட்டை மடிப்புக் கலையவில்லை, கல்யாண மாப்பிள்ளை தோற்றான். எண்ணும் பெரிய எண்தான், சந்தோஷம். சத்யா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். உனக்குப் பின்னால் இடதுபக்கம் ஒரு நரைமீசைக்காரர் நிற்கிறாரே, எல்லாரும் கைதட்டும்போது அவர் மட்டும் ஒரு கையால் தொடையைத் தட்டுகிறார். இன்னொரு கையின் பெருவிரலில் அழுக்குத்துணி சுற்றியிருக்கிறது. அவர் பெயர் என்ன? அவரிடம் அந்த விரலைப் பற்றி நீ கேட்டாயா?

வல்லக்கோட்டை முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் தரட்டும். தலைக்கு எண்ணெய் வை. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே, ஷிஃப்ட் தொடங்கும் முன்பு அந்த மீசைக்காரரிடம் போ, தனியாக, கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போ. முதலில் வலிக்கிறதா என்று கேள், எப்படிப் பட்டது என்று அப்புறம் கேட்கலாம். அவர் கதவு என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே, அவருடைய மெஷினைப் போய்ப் பார்.

என்றும் உன் அம்மா,
செந்தாமரை
(எழுதியவள் சத்யப்பிரியா)