அத்தான் காதில் ஒரு விசில்

மார்ச் 3, செவ்வாய்

கிட்டார் ரிப்பேர் கடையைத் திறந்ததும் முதல் ஆள் அத்தான். அக்காவின் புருஷன் என்பதால் அத்தான். இல்லையென்றால் நான் கூப்பிட வேறு வார்த்தை வைத்திருக்கிறேன்.

கிட்டார் பெட்டியை மேசைமேல் வைத்தார். "விசில் அடிக்குதும்மா. வாசிக்காம சும்மா இருந்தாலும் மெல்லிசா ஒரு விசில். பேண்டுல யாருக்கும் கேக்கலையாம். நீ பாரேன்."

ஒயரைச் சொருகி, சத்தம் கூட்டுகிற ஆம்ப்பைப் போட்டேன். கேட்டது. காதை விட்டுப் போகாத கொசு மாதிரி.

பின்மூடியைக் கழற்றினால், சாதாரண ஒன்பது வோல்ட் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில், போனைப் போல ஒயர் மாட்டிச் சார்ஜ் ஏற்றும் வகை. அவர் பிறந்தநாளுக்கு மகள் வாங்கித் தந்தாளாம். "இனிமே பேட்டரி வாங்கற வேலையே இல்லப்பா" என்றாளாம். அந்த மாதிரி பேட்டரிக்குள் உண்மையில் இருப்பது நாலு வோல்ட்டுக்கும் குறைவு. அதை ஒன்பதாக ஏற்றிக் கொடுக்க உள்ளேயே ஒரு குட்டி சர்க்யூட் ஓடும். விசில் அதோடது. கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. பேட்டரியை மாற்றினால் அரை நிமிஷத்தில் தீர்ந்தது.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே அத்தான்" என்று வந்தது.

மார்ச் 4, புதன்

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன் என்று எனக்குத் தெரியாதாக்கும்!

மார்ச் 5, வியாழன்

எழுதியே விடுகிறேன். பதினெட்டு வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது.

அப்போது அதே பேண்டில் நானும் கிட்டார். ஒத்திகையில், "அத்தான், உங்க ரெண்டாவது கம்பி சுருதி இறங்கியிருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எல்லார் முன்னாலும், "இவளுக்குக் காதே கிடையாது. கம்பி மாத்திக் குடுக்கற வேலைக்குத்தான் லாயக்கு" என்றார். டிரம்ஸ் அடிக்கிறவன், இடி என்று பட்டப்பெயர், விழுந்து விழுந்து சிரித்தான். பாடுகிற பெண்ணும் சிரித்தாள். அடுத்த வாரம் என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. யாரும் போ என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

அக்கா என்ன சொன்னாள்? "அவர் சுபாவம் தெரியாதாடி, விடு."

விட்டேனா? விடவில்லை. கம்பி அன்றைக்கு இறங்கித்தான் இருந்தது. இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

மார்ச் 14, சனி

மறுபடி வந்தார். முகம் வாடிப் போயிருந்தது. "உனக்கு நெஜமாவே கேக்கலையா?"

அவர் கண் முன்னாலேயே ஒயர் சொருகும் சாக்கெட்டை மாற்றினேன். இரண்டு இடத்தில் ஈயம் வைத்தேன். எல்லாம் வேஷம். அந்தப் பேட்டரியை மட்டும் பத்திரமாகத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். ஆம்ப்பைப் போட்டதும் விசில் அழகாக வந்தது.

"கேக்குதும்மா! இதோ!"

"இல்ல அத்தான். கிட்டார்ல ஒண்ணும் இல்ல. வயசானா காதுக்குள்ளயே இப்படி ஒரு சத்தம் வருமாம்."

"ஆம்ப்பைப் போட்டாத்தானே கேக்குது?"

"அப்படித்தான் ஆரம்பிக்கும்னு சொல்றாங்க."

யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு? அவர் அப்பாவுக்கு அறுபது வயதில் காது போனது எனக்குத் தெரியும். அவருக்கு இப்போது ஐம்பத்தொன்பது. ஸ்டூலில் உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

வயிறு குளிர்ந்தது. இந்த நோட்டிலாவது பொய் எழுதக் கூடாது: குளிர்ந்தது.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா போனில். "ஏன்டி, அவர் ஒரு மாதிரி ஆயிட்டார். டிவியை நிறுத்திட்டு, கிட்டாரை ஆம்ப்ல போட்டு, 'இப்ப கேக்குதா, இப்ப கேக்குதா'ன்னு என் உசிரை வாங்கறார். எனக்குக் குக்கர் விசிலே ஒழுங்கா கேக்காது, நான் என்னத்தச் சொல்ல? டாக்டர்கிட்ட வாங்கன்னா வரமாட்டேங்கறார். போனா, காது போச்சுன்னு சொல்லிடுவாங்களாம். நீ ஒரு வார்த்தை சொல்லு, நீ சொன்னா கேப்பார்."

நான் சொன்னால் கேட்பாராம். நல்ல கூத்து.

மார்ச் 24, செவ்வாய்

நல்லா வேணும்.

ஏப்ரல் 9, வியாழன்

பேண்டை விட்டு நிற்கப் போகிறாராம். முப்பது வருஷத்துக்கு அப்புறம். அக்கா அழுதாள். "கிட்டாரைத் தொடறதே இல்லடி. பெட்டியை மூடிப் பரண்ல போட்டுட்டார்."

போனை வைத்ததும் அவர் நம்பரை எடுத்தேன். பேட்டரி என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன செலவு? ஆனால் என்னிடம் ஒரு மன்னிப்பு கேட்க அவருக்கு என்ன செலவு? பதினெட்டு வருஷம் இருந்ததே!

அழைக்கவில்லை. பேசாமல் ஒரு பழைய ஆம்ப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொன்னார்.

இடியையும் பாடுகிற பெண்ணையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்தார். கிட்டாரை என் மேசைமேல் வைத்தார். அவர்களைப் பார்த்து, "அன்னைக்கு இவளுக்குக் காது கிடையாதுன்னு சொன்னேன். காது இல்லாதவன் நான்தான். என் கம்பி எறங்கித்தான் இருந்திருக்கும்" என்றார். அப்புறம் என்னிடம், "சனிக்கிழமை ஒரு கம்பெனி விழா. என் எடத்துல நீ வாசிம்மா. இதை நீயே வெச்சுக்கோ."

இடி தலை குனிந்தான்.

இதே வார்த்தையை எத்தனை தடவை குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அவர் வாயில் போட்டுப் பார்த்திருக்கிறேன்! இன்றைக்கு நிஜமாகவே சொல்லிவிட்டார். ஏன் ருசிக்கவில்லை? என் பொய்யை நம்பியல்லவா சொல்கிறார். எனக்குக் காது இருக்கிறது என்று, நான் கேட்காத மாதிரி நடித்ததை வைத்துச் சொல்கிறார்.

"சரி அத்தான்" என்றேன்.

ஏப்ரல் 18, சனி

விழா மதியம். கிளம்பும்முன் சாதாரண பேட்டரி ஒன்றை மாட்டினேன். விசிலோடு நாலு பேர் முன்னால் வாசிக்க என்னால் முடியாது. அவ்வளவுதான் காரணம்.

நன்றாகத்தான் வாசித்தேன். முன்வரிசையில் அத்தானும் அக்காவும். இரண்டாவது பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கொஞ்சம் அமைதி. அத்தான் தலையைச் சாய்த்தார். தேடினார். ஒரு கணம் முகம் பூத்துவிட்டது, கேக்கல, கேக்கல என்று அக்கா கையைப் பிடித்து உலுக்கினார். பிறகு பிடித்த கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார்.

விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார், அக்காவோடு.

"பின்மூடியைத் தொற."

திறந்தேன்.

"பேட்டரியா?"

"ம்."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

இன்னைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். சிரித்திருப்பார், அக்கா என்னைக் கட்டிக்கொண்டிருப்பாள், எல்லாரும் சாப்பிடப் போயிருப்போம். ஆனால் அப்படிச் சொன்னால் ஒன்றரை மாசமாக என் காதில் அது விழவில்லை என்று ஆகிவிடுமே? அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. பாவி நாக்கு.

"மொத நாளே கேட்டுச்சு அத்தான். ஆம்ப்பைப் போட்ட உடனே."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் நின்றேன். கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடி எடுத்துக்கொண்டார். "நல்ல காதும்மா உனக்கு" என்றார். போய்விட்டார்கள்.

மே 3, ஞாயிறு

டிரம்ஸ் பெடலைச் சரிபண்ண இடி வந்தான். அத்தான் மறுபடி வாசிக்கிறாராம், முன்னைவிட நன்றாகவே. என்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"தப்பா ஒரு வார்த்தை சொல்லலையே. உன் பேச்சு வந்தாலே, 'அவளை மாதிரி காது யாருக்கும் கிடையாது'ங்கறார். போற எடமெல்லாம் இதையேதான் சொல்றார்."

பெடலைத் துடைத்துக் கொடுத்தேன். அவன் போனதும் அக்காவுக்குப் போன் அடித்தேன். பதினைந்து நாளாகத் தினமும் அடிக்கிறேன். முழுசாக ரிங் போகிறது. எடுக்கவில்லை.