சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன்

ஞாயிறு, இரவு

இவ்வளவு நேரம் கழித்து உங்களுக்கு எழுதுவதற்கு மன்னியுங்கள். நம் மீனு இப்போதுதான் தூங்கினாள். நாட்குறிப்பில்தான் எழுதுகிறேன், உங்களுக்குத் தொந்தரவு இல்லை.

மாலை வீடியோ காலில், லியோனில் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாவைக் காட்டினீர்கள். பல நாளாகப் பழகிய 'போன்ழூர் மதாம்' வணக்கம் சரியாகவே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "சாப்பிட்டீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டேன். கொல்கத்தாவில் இந்த லேக் கார்டன்ஸுக்கு வந்த புதிதில் கீழ்வீட்டு 'பௌதி' அண்ணியிடம் வங்காள மொழியில் நான் முதலில் கேட்டதும் அதுதான். அன்றே அவர் கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்தார். இந்த அம்மாவோ கடிகாரத்தைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், மெதுவாக நகர்ந்துவிட்டார்.

"அடி லூசு, இங்க யாராவது அப்படிக் கேப்பாங்களா? உனக்கு சாப்பாடு போடணும்னு நெனச்சிருப்பாங்க" என்று சிரித்தீர்கள்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா சிரிச்சுட்டு நில்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

நானும் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு பிரெஞ்சுப் பாடத்தைத் திறக்கவே மனம் வரவில்லை.

அடுத்த மாதம் நாங்கள் வந்ததும் நீங்கள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். மீனுவுக்கு மறுபடி மூச்சு இழுத்தால் மருந்துக்கடையிலும் நான் சிரித்துக்கொண்டே நிற்பதா? அங்கே சொல்ல வேண்டியதையாவது உங்களோடு பேசிப் பழக வேண்டும். நாளைக்கு நேரம் இருக்குமா? இந்தப் பக்கத்தை இப்போதே படமெடுத்து அனுப்புகிறேன், சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.