காலிப் பாயிடம் கேட்ட கேள்விகள்

ஜமுனாமரத்தூர்,
வியாழன்.

அம்மாவுக்கு ரெபேக்காவின் அன்பு ஸ்தோத்திரம். நான் சுகம். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தூத்துக்குடியில் மழை உண்டா?

நேற்று ஒன்று நடந்தது, பயப்படாதீர்கள். மாதவிடாய் வலியோடு வரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் பற்றிய ஆராய்ச்சிக்குத்தானே வீடு வீடாகப் போகிறேன். எந்த ஊர்ப் பெண்ணானாலும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில், ஒரு சொல் மாறாமல் கேட்க வேண்டும். அப்போதுதான் பதில்களை ஒப்பிட முடியும்.

புதூர்நாட்டில் கெங்கம்மாள் என்பவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒரு பாயை விரித்தார்.

“எம்பொண்ணு சசிகலாவையும் கேளும்மா.”

சசிகலா இறந்து மூன்று வருடம் என்று முன்பே சொல்லியிருந்தார். எழுந்து வர எனக்கு மனசில்லை. காலிப் பாயைப் பார்த்துக் கேள்விகளை வாசித்தேன். கெங்கம்மாள் பாயின் பக்கம் தலையைச் சாய்த்து, மகளிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

“வலி எங்கே தொடங்குகிறது?”

“வலது இடுப்புல. தொடை வழியா முட்டி வரைக்கும் எறங்குதாம்.”

“எப்போதிலிருந்து?”

“பதினாலு வயசுலேர்ந்து. எங்கிட்ட சொல்லலியாம்.”

என் பேனா நின்றுவிட்டது. அம்மா, அது அப்படியே என் வலி. நானும் உங்களிடம் சொன்னதில்லை.

“இன்னாம்மா, எழுதாம குந்தினுக்கீற? ஒனக்குமா?” என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். சசிகலாவின் பதில்களை எழுதிய தாள் ஆராய்ச்சிக் கணக்கில் சேராது. அவரிடமே கொடுத்தேன்; முந்தானையில் முடிந்துகொண்டார்.

திங்கட்கிழமை வேலூரில் டாக்டரைப் பார்க்கிறேன். நம் வீட்டு வெந்நீர்ப் பையை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே எடுத்து வாருங்கள்.

ஜீப் வந்துவிட்டது.

ரெபேக்கா