பதினோரு பெரியவர்களின் இரண்டாவது போன்

மார்ச் 4

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதறது. போன் கம்பெனியில விற்பனை அதிகாரியா இருக்கிற பொண்ணுக்குக் கடிதமான்னு தபால்காரர் சிரிக்கிறார். போன்ல கூப்பிட்டா "மீட்டிங்பா"ன்னு வெச்சிடறே. கடிதத்தை எப்படி வெப்பே?

உன் கடிதம் படிச்சு ஆடிப் போயிட்டேன். உன் பொறுப்புல இருக்கிற ஊர்கள்ல இந்த மாசமும் விற்பனை ஏறலைன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா? அட பாவிங்களா. இங்க தெருவுல போற எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்கு. கண்ணாடி கீறினாலும் அஞ்சு வருஷம் ஓட்டறாங்க. இனிமே யாருக்கு விக்கிறது, தொட்டில்ல கிடக்கிற குழந்தைக்கா? உங்க மேலாளரை ஒரு நாள் நம்ம ஊர்க் கடையில உக்காரச் சொல்லு. ஈ ஓட்டக் கத்துக்குவார்.

நீ கவலைப்படாதே. என் முட்டி ஆபரேஷனுக்கு இந்த மாசமே நாள் குறிச்சாச்சு.

உன்னை வம்புக்கு இழுக்கவே உயிரோட இருக்கிற
அப்பா

ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற உங்கள் கடிதம் கிடைத்தது. வர முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. மாடிப்படி ஏறாதீர்கள்.

இங்கே ஒரு அதிசயம். எல்லா ஊரிலும் விற்பனை இறங்கியிருக்க, நம் ஊர்க் கடையில் மட்டும் ஏறியிருக்கிறது. அறுபது வயது தாண்டிய பதினோரு பேர், கையில் ஒரு போன் இருக்கும்போதே இரண்டாவது வாங்கியிருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. தலைமை அலுவலகத்தில் அத்தனை பேர் முன்னால் நின்று பேசினேன். "எல்லோரிடமும் போன் வந்துவிட்டது. இனி வளர்ச்சி என்றால் அது பெரியவர்களின் இரண்டாவது போன்தான்" என்றேன். கை தட்டினார்கள். பெரியவர்களுக்கென்றே ஒரு போன் தயாரிக்கச் சொல்லித் தொழிற்சாலைக்கு உத்தரவு போய்விட்டது. என் வேலை தப்பியது. பதவி உயர்வும் உண்டாம்.

அந்தப் பதினோரு பேரையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதற்காக இரண்டு என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 14

கண்ணு,

உக்காந்து படி. அந்தப் பதினோரு பேரும் நான்தான்.

ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்னு கடையில சொல்லிட்டாங்க. அதனால காலையில என்கூட நடக்கிற கூட்டத்தையே கூட்டிட்டுப் போனேன். தையல்காரர், ரிட்டயர்டு கண்டக்டர், பல் டாக்டர், எல்லாரையும் அடையாள அட்டையோட வரிசையில நிக்க வெச்சேன். "முன்னால ஏறு, முன்னால ஏறு"ன்னு கண்டக்டர் சத்தம் போட, ஒரே சிரிப்பு. போன் எல்லாம் என் அலமாரியில, சட்டைக்கு அடியில பிரிக்காமக் கிடக்கு. முட்டிக்குன்னு வெச்சிருந்த பணம்தான். ஆபரேஷன் நடக்கல. முடிஞ்சுதுன்னு எழுதினது பொய்.

ஒரு மாசம் உன் வேலை தப்பிச்சா போதும்னு நினைச்சேன். நீ இதையே ஒரு திட்டமாக்கி மேடையில சொல்லுவேன்னு யாரு கண்டா? தொழிற்சாலைன்னு படிச்சதும் டீயைக் கடிதத்து மேலயே கொட்டிட்டேன். எப்படியாவது நிறுத்தச் சொல்லும்மா.

அப்பா

ஏப்ரல் 22

அப்பா,

உங்கள் கடிதத்தை மேலாளரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பதினோரு பேர் வாங்கினாங்களா, இல்லையா?" என்றார்.

"வாங்கினாங்க சார். ஆனா..."

"அப்புறம் என்னம்மா? நான் மேல சொல்லியாச்சு. இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாரு."

என்னால் கிழிக்க முடியவில்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவருக்கும் மேலே இருப்பவர்களுக்கு அனுப்பினேன். பொய்த் தகவல் கொடுத்தவள் என்று அன்று மாலையே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் போனைத் தயாரிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பாதி வேலை முடிந்துவிட்டதாம்.

வேலை போனதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் முட்டி சரியாகிவிட்டது என்று இங்கே ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேனே அப்பா. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதீர்கள்.

மகள்

ஆகஸ்ட் 30

கண்ணு,

கொஞ்ச நாள்னு சொன்னே, நாலு மாசம் ஆச்சு. நடுவுல பொறுக்க முடியாம ரெண்டு கடிதம் போட்டேன். பதில் இல்ல. இதை மட்டும் எழுதாம இருக்க முடியல.

பெரியவங்க போன் கடைக்கு வந்துடுச்சு. ஒண்ணுகூட விக்காதுன்னு வேடிக்கை பார்க்க நானும் கண்டக்டரும் போனோம். வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது. மூணாவது ஆளா நம்ம தையல்காரர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

"யோவ், உன்னை நான் அனுப்பலையே"ன்னேன்.

"எனக்கு வாங்கறேன்யா. என் போன் பேரப்பசங்க கையை விட்டு வர்றதே இல்ல. விளையாட்டு நடுவுல என் தங்கச்சி கூப்பிட்டா கட் பண்ணிடறாங்க. எனக்கே எனக்குன்னு ஒண்ணு வேணும்"ன்னார். பின்னால நின்ன நாலஞ்சு பேரும் ஆமாம் ஆமாம்னாங்க.

நீ மேடையில சொன்னது நிஜம் கண்ணு. தினமும் என்கூட நடக்கிற ஆளுங்க. உனக்கும் ஒண்ணு வேணுமான்னு நான் ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேக்கல. சிரிக்க வெச்சதோட சரி. கடை வாசல்ல உங்க மேலாளராம், எல்லாம் தன் யோசனைன்னு சொல்லிச் சொல்லிக் கை குலுக்கிட்டு இருந்தார். நான் கிட்டப் போய் உன் பேரைச் சொன்னேன். "யாரு?"ன்னார்.

வீட்டுக்கு வந்து, உன்னைச் சீண்டி ஒரு வரி எழுதலாம்னு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். வரல.

திட்டியாவது நாலு வரி எழுதும்மா.

அப்பா