அறுபத்து மூன்றாம் பக்கத்து நஷ்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், படியேறும்போது மட்டும் அவர் முழங்கால் முனகுகிறது, மாத்திரையை மறந்துவிட்டு மறக்கவில்லை என்று சாதிக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

முதலில் ஷேர் விஷயம். நீ ஏழாவது படிக்கும்போது உனக்கென்று எங்கள் இரண்டு பேர் பெயரிலும் சேர்த்து வாங்கிய அந்த நானூறு ஷேரில் இத்தனை வருஷமாக ஒன்றைக்கூட விற்கவில்லை. பெயிண்ட், சோப்பு, இன்சூரன்ஸ், பூட்டு என்று இருபது கம்பெனிகளைத் தன் கையில் வைத்திருக்கிற பெரிய கம்பெனி, லாபத்தை நமக்குப் பிரித்துக் கொடுக்காமல் அதில் இன்னொரு கம்பெனியை வாங்கிப் போடுவார்கள், பொறுமையாக இருந்தால் ஷேர் விலை ஏறும். ஒன்றையும் தொடக் கூடாது என்று சொன்னதோடு அப்பா அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்த உத்தியோகம், சிரித்துக்கொண்டே நாற்காலி எடுத்துப் போடுகிற கடைக்காரரின் தட்டுக்கு அடியில்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். கம்பெனித் தலைவர் வருஷா வருஷம் பங்குதாரர்களுக்கு எழுதும் கடிதத்தையும் கையில் பென்சிலோடுதான் படிப்பேன். மனுஷர் தன் தப்பை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவார், அதனால்தான் விற்காமல் வைத்திருந்தேன். இந்த வருஷம் முதல் பக்கம் முழுக்க நல்ல சேதி. பூட்டுக் கம்பெனியின் நஷ்டம் கடிதத்தோடு வந்த ஆண்டறிக்கையின் அறுபத்து மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில் கிடந்தது. பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டேன்.

அப்பாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி அந்தப் பூட்டுத் தொழிற்சாலைக்கே போனேன். பெரிய முற்றம், ஒரே ஒரு லாரி. விற்பனை அறையில் இருந்த பெண்ணிடம் ஒரு டஜன் பூட்டு கிடைக்குமா என்று பேச்சுக் கொடுத்தேன். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்கம்மா, சரக்கு தேங்கிக் கிடக்கு, ஒரு ஷிப்டை நிறுத்தியே நாலு மாசம் ஆச்சு என்றாள், பாவம், அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. அடுத்த வாரம் பங்குதாரர் கூட்டத்துக்கு அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். மைக் என் கைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. தப்பை முன்னாடி எழுதுற வழக்கத்தை ஏன் விட்டீங்க என்று கேட்டேன், அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுக்கிறார். மேடையில் யாரோ பதில் சொல்ல வாயெடுத்தார், தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டு, அந்தக் கம்பெனியை அதிக விலைக்கு வாங்கினது நான்தாம்மா, எழுத உக்காந்தா வெட்கமா இருந்துச்சு, பின்னாடி தள்ளிட்டேன் என்றார். வெளியே வந்ததும் அப்பா, இதுக்கு மேல உனக்கு என்ன வேணும் என்றார். எனக்கு முக்கால் நம்பிக்கைதான் வந்தது, அழகாக ஒப்புக்கொண்டே ஏமாற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் விற்க வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்த வெட்கம் என்கிற வார்த்தையோடு உன் நினைப்பும் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் ஷேர் என்ன விலை என்று ஒரு தடவைகூடக் கேட்காதவள், போன மாதம் பேச்சோடு பேச்சாக மூன்று தடவை கேட்டாய். வேலை நேரத்தில் போன் செய்து ஆபீஸில் இருக்கிறேன் என்கிறாய், பின்னால் துணி துவைக்கும் மெஷின் சுற்றுகிறது. உன் ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன், உன் இடத்தில் வேறு யாரோ எடுத்தார்கள், உனக்கு வேலை இல்லையோ என்று தோன்றிவிட்டது, வைத்துவிட்டேன். வியாழக்கிழமை எண்பது ஷேரை விற்கத் தரகரிடம் போனோம். விலை இறங்கியிருக்கு, ஒரு வருஷம் பொறுங்களேன் என்றார் அவர். ஷேர் பொறுக்கும், எங்க பொண்ணோட வீட்டு வாடகை பொறுக்காது என்றேன். அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த மனுஷர், எதற்கு என்றுகூடக் கேட்காமல் போட்டுவிட்டார். இவருக்கு ஏதோ தெரியும் என்று எனக்கு அங்கேயே பொறி தட்டியது. வீட்டுக்கு வந்து துருவித் துருவிக் கேட்டேன். அவ வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சு, உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னா என்கிறார். ஊரையே சோதித்தவள், பக்கத்து நாற்காலியில் காப்பி குடிக்கிறவரைக் கோட்டைவிட்டிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. அப்புறம் நீ ஏன் அவரிடம் சொன்னாய் என்று யோசித்தேன், அவர் துருவிக் கேட்க மாட்டார், நான் கேட்பேன், எனக்கே புரிந்தது.

பணம் செவ்வாய்க்குள் உன் கணக்கில் ஏறிவிடும், திருப்பித் தருகிற பேச்சை எடுக்காதே. ஆபீஸ் கொடுத்த மருத்துவக் காப்பீடு இன்னும் இருக்கிறதா என்று பார், இருந்தால் முடிவதற்குள் வலிக்கிறது என்று சொன்னாயே, அந்தக் கடைவாய்ப் பல்லைக் கவனித்துவிடு. உனக்கு ஒரு குறையும் வராது, இதைவிட நல்ல இடம் அமையும், எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு, என் நம்பருக்கு, போன் செய். ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டேன். அப்பா நம்ப மாட்டேன் என்கிறார், நீயாவது நம்பு.

என்றும் உன்,
அம்மா