காய்ச்சலில் போன ராஜா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போனில் நான் "போர்ல தோத்துட்டேன்" என்றதும் பயந்துவிட்டீர்கள். அது கம்ப்யூட்டர் விளையாட்டு அம்மா, அந்தக் காலத்து ராஜாக்களின் சண்டை. மாதக்கணக்காக, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு கோட்டையை முற்றுகையிட்டேன். அது விழப்போகும் நேரத்தில் என் ராஜா காய்ச்சலில் செத்துப்போனார். பட்டத்துக்கு வந்தது மூன்று வயதுப் பிள்ளை. என் ராஜா தன் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்த மச்சான் ராஜா, துணைக்கு வந்த படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வயிறு எரிகிறது.

அறையில் கூட இருக்கும் வெல்டரிடம் புலம்பினேன்.

"பொண்ணக் குடுத்தா படையும் குடுப்பான்னு நம்பினியா? நல்லா வேணும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தம்பியை ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே நெட் வழியாக இந்த விளையாட்டில் சேரச் சொல்லுங்கள். எதிரியாக வந்து என்னை அடித்தாலும் பரவாயில்லை. ஆடும்போது தொணதொணவென்று பேசிக்கொண்டே இருப்பான், அது போதும்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மூத்தவன்